வேடம் கலைந்த பின் யார்?

தமிழ்த் திரையிலும் மேடையிலும் திருநங்கைப் பாத்திரங்கள் பெருகிவிட்டன. அவற்றின் வாய்ப்பும் ஊதியமும் புகழும் யாரிடம் போய்ச் சேர்கின்றன?

பல ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போன கணவன் திரும்பி வருகிறான் என்ற செய்தி கேட்டு உறவினர் கூட்டம் வீட்டை நிறைத்திருக்க, தந்தையின் முகத்தைப் பார்க்கும் ஆவலில் சிறுவன் ஒருவன் நிலைகொள்ளாமல் காத்திருக்க, வாசலில் வந்து நின்ற காரிலிருந்து புடவை உடுத்திய ஒரு பெண் இறங்குகிறாள். மாணிக்கமாகப் போனவர் ஷில்பாவாகத் திரும்பியிருக்கிறார் என்பதைப் பெரியவர்கள் விளங்கிக்கொள்ள முடியாமல் திகைத்து நிற்கையில், மகன் ராசுக்குட்டி மட்டும் எவ்விதத் தயக்கமும் இன்றி அவருடைய கையைப் பற்றிக்கொள்கிறான். தியாகராஜன் குமாரராஜா இயக்கத்தில் 2019 மார்ச் மாதம் வெளிவந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தின் இந்தக் காட்சி, தமிழ்த் திரை ஒரு திருநங்கைக்கு அளித்த மிகக் கனிவான வரவேற்புகளுள் ஒன்று. ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், அதே 2019இன் பிப்ரவரி முதல் நாள், ராம் இயக்கிய ‘பேரன்பு’ திரைக்கு வந்திருந்தது. மூளை முடக்குவாதம் உள்ள மகளைத் தனியாக வளர்க்கும் அமுதவனின் வாழ்வில் மீரா என்ற திருநங்கை நுழைந்து, இறுதியில் அந்தக் குடும்பத்தின் ஒரு பகுதியாகவே ஆகிறாள். மம்மூட்டிக்கு இணையாக மீராவாக நடித்தவர் அஞ்சலி அமீர்; அவர் தம் வாழ்விலும் திருநங்கை. ஏறத்தாழ ஒரே பருவத்தில், ஒரே மொழியில், ஒரே பார்வையாளர்களுக்காக எடுக்கப்பட்ட இந்த இரண்டு படங்களும் ஒரு கேள்விக்கு இருவேறு விடைகளைத் தந்தன: திருநங்கையின் கதையைச் சொல்ல நடிகர் ஒருவர் வேடம் புனைய வேண்டுமா, அல்லது அந்த வாழ்வை வாழ்பவரே நடிக்கலாமா? ஆண்டுகள் பல கடந்த பின்னும் கோடம்பாக்கத்தில் அக்கேள்வி தீரவில்லை. அது ரசனையைப் பற்றிய கேள்வியாக மட்டும் இல்லாமல் தொழில், கூலி, பாதுகாப்பு, வாடகை வீடு ஆகியவற்றைத் தொட்டு நிற்பதே அது தீராதிருப்பதற்குக் காரணம்.

பெண்வேடத்தின் நீண்ட நிழல்

தமிழ் மேடைக்கு ஆண் பெண்வேடம் புனைவது புதிதன்று. தெருக்கூத்தில் திரௌபதியாக ஆடுபவர் வழிவழியாக ஆணே, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்தெடுத்த பாலர் நாடக மரபில் சிறுவர்களே வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் மேடையேறினார்கள், டி.கே. சண்முகத்தின் பெயருக்கு முன்னால் ‘அவ்வை’ என்ற அடைமொழி நிலைத்ததும் அவர் ஏற்ற ஒரு பெண்பாத்திரத்தின் சிறப்பினாலேயே. பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் இழிவாகக் கருதிய காலத்தில் உருவான இந்த மரபு அசாதாரணமான கலைஞர்களைத் தந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண் உடையில் தோன்றுபவர் அடியில் ஆண்தான் என்று எண்ணிப் பார்க்கும் ஒரு பழக்கத்தையும் அது பார்வையாளரிடம் ஆழப் பதித்துவிட்டது. நகைச்சுவைப் படங்கள் அந்தப் பழக்கத்தை அரை நூற்றாண்டுக் காலம் கேலியாக மாற்றிப் பயன்படுத்திக்கொண்டன.

திருநங்கைப் பாத்திரம் திரைக்கு வந்தபோது அதன் வரவேற்பு இந்த நிழலுக்குள்ளேயே நிகழ்ந்தது. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) கலவரத்தில் தொலைந்த குழந்தைக்கு ஒரு திருநங்கை அடைக்கலம் தருவதாகக் காட்டியது அரிய விதிவிலக்கு. ‘அப்பு’ (2000) படத்தில் பிரகாஷ்ராஜ் ஏற்றது கொடூர வில்லன் பாத்திரம். ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வில் (2011) சரத்குமார் ஏற்றது கொலையுண்ட திருநங்கையின் பாத்திரம். பின்னது பரிவோடு எழுதப்பட்டது என்பதை மறுக்க இயலாது. படித்து முன்னேற விரும்பும் ஒரு திருநங்கையின் பேச்சு திரையரங்குகளில் கைத்தட்டல் பெற்றது. இருப்பினும் அவளுக்கு நீதி கிடைப்பது பேயாக வந்த பிறகே. சுதா கொங்கராவின் ‘தங்கம்’ (‘பாவக் கதைகள்’, 2020) குறும்படத்தில் காளிதாஸ் ஜெயராம் ஏற்ற சத்தார், அறுவை சிகிச்சைக்கெனச் சேர்த்த பணத்தைத் தன் தங்கையின் காதலுக்குக் கொடுத்துவிட்டு மடிகிறாள். பிறருடைய வாழ்வு மலர்வதற்காக இறந்துபோவது என்பது இத்தகைய பாத்திரங்களுக்கு ஏறத்தாழ எழுதப்படாத விதியாகவே ஆகியிருக்கிறது. ‘பேரன்பு’ மீராவின் சிறப்பு, அவள் சாகாமல் வாழ்கிறாள் என்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது.

[பெட்டிச் செய்தி: அடிப்படைத் தகவல்கள்]
திருநங்கை: பிறப்பில் ஆண் எனப் பதிவு செய்யப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர். திருநம்பி: பிறப்பில் பெண் எனப் பதிவு செய்யப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவர். பால்புதுமையினர்: பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மை வழக்கிலிருந்து வேறுபட்டு வாழ்வோர் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்.
2008 ஏப்ரல் 15: தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது; அந்த நாளே மாநிலத்தில் திருநங்கையர் தினம்.
2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: ஆண், பெண் அல்லாத பிரிவில் இந்தியாவில் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர்.
2014 ஏப்ரல் 15: பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.
2018 செப்டம்பர் 6: வயது வந்தோர் இசைந்து கொள்ளும் ஒருபால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தன்வரலாறு ஒருவருடையது, விருது இன்னொருவருடையது

இந்தச் சிக்கலின் கூர்மையை ஒரே நூலின் பயணத்தில் காணலாம். லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய தன்வரலாறு 2007ஆம் ஆண்டு தமிழில் வெளிவந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்று, ரயிலில் கையேந்தும் நிலைக்குத் தள்ளப்பட்டு, அதிலிருந்து மீண்டு வேலைக்கு வந்த ஒரு திருநங்கையின் வாழ்வைச் சற்றும் பூசி மெழுகாமல் சொன்ன அந்நூல் பிற மொழிகளுக்கும் சென்றது. கன்னடத்தில் அதைத் தழுவி பி.எஸ். லிங்கதேவரு ‘நானு அவனல்ல அவளு’ என்ற படத்தை இயக்க, வித்யாவாக நடித்த சஞ்சாரி விஜய் 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றார். அதே படம் சிறந்த ஒப்பனைக்கான தேசிய விருதையும் பெற்றது.

நூலாசிரியர் வித்யா நடிப்பைத் தொழிலாகவே பயின்றவர். மிஷ்கினின் ‘நந்தலாலா’வில் உதவி இயக்குநராகப் பணியாற்றியவர்; நாடகப் பயிற்சிக்கென உதவித்தொகை பெற்று லண்டன் சென்றவர். அவருடைய வாழ்வைச் சொல்லும் படத்தில் நடிப்புக்கான நாட்டின் மிக உயர்ந்த அங்கீகாரம் ஓர் ஆண் நடிகருக்கும், அந்த ஆணைப் பெண்ணாகக் காட்டிய ஒப்பனைக்கும் சென்றது. சஞ்சாரி விஜய் தம் பாத்திரத்துக்கு நேர்மையாக உழைத்தவர் என்பதை அப்படத்தைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வர். 2021இல் சாலை விபத்தில் அவர் மறைந்தது கன்னடத் திரைக்குப் பேரிழப்பு. அவருடைய திறமை இங்கே கேள்விக்குரியதன்று. எந்தத் திறமைக்கு முதலில் கதவு திறக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தும் வாதங்கள் அற்பமானவை அல்ல. பிறராக மாறிக் காட்டுவதே நடிப்பு என்றால், மீனவராக நடிக்க மீனவரும் நீதிபதியாக நடிக்க நீதிபதியும் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே என்பது முதல் வாதம். பெயர் பெற்ற கதாநாயகர் ஒருவர் ஷில்பாவாகத் தோன்றினால்தான் பல இலட்சம் பேர் திரையரங்குக்கு வருவர், புதுமுகத் திருநங்கை நடிகருக்காக முதலீடு செய்ய எந்தத் தயாரிப்பாளரும் முன்வரமாட்டார் என்பது இரண்டாவது. முதல் வாதம் இருவழிப் பாதையில் மட்டுமே செல்லுபடியாகும்: திருநங்கை நடிகர்களுக்கு ஆசிரியை, வழக்குரைஞர், மாமியார், காதலி என எந்தப் பெண்பாத்திரமும் கிடைக்கும் நாள் வரும்போது, எந்த நடிகரும் எந்தப் பாத்திரத்தையும் ஏற்கலாம் என்ற கொள்கை நேர்மையானதாக இருக்கும். இன்றோ, அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வகைப் பாத்திரமும் கதாநாயகர்களின் நடிப்பாற்றலை நிறுவும் களமாக ஆகிவிடுகிறது. இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் புதுமுகங்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அறிமுகப்படுத்தும் ஒரு தொழில்துறை, இந்த ஓரிடத்தில் மட்டும் முகத்தின் சந்தை மதிப்பைக் காரணம் காட்டுவது முழுமையான விளக்கமாகாது.

இவற்றைக் காட்டிலும் கடுமையான ஓர் எதிர்வாதம் உண்டு. படம் முடிந்து, இசை வெளியீட்டு விழாவிலோ விருது மேடையிலோ அந்தக் கதாநாயகர் மீசையோடும் சட்டையோடும் தோன்றும்போது, ஷில்பா என்பவள் கலைந்துபோகும் ஒரு வேடம் என்ற செய்தி பார்வையாளரின் மனத்தில் சத்தமின்றிப் பதிகிறது. திருநங்கை என்பவர் பெண் உடை தரித்த ஆண் என்ற, பாலர் நாடகக் காலத்துப் பார்வைப் பழக்கத்தை மிகச் சிறந்த நடிப்பும்கூட, தன்னையறியாமல் உறுதிசெய்துவிடுகிறது. அஞ்சலி அமீர் ‘பேரன்பு’ மேடைகளில் தோன்றியபோது கலைவதற்கு வேடம் ஏதுமில்லை.

திரையிலிருந்து தெருவுக்கு

‘சூப்பர் டீலக்ஸ்’ வெளியானபோது திருநங்கையர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தது வெறும் நடிகர் தேர்வைப் பற்றியன்று. பிச்சை எடுக்கும் கும்பலுக்காகக் குழந்தைகளைக் கடத்தியதாக ஷில்பாவே ஒப்புக்கொள்ளும் பகுதி அவர்களைக் காயப்படுத்தியது. குழந்தை கடத்துபவர்கள் என்ற வதந்தியின் பேரில் அப்பாவிகள் ஊர்மக்களால் தாக்கப்பட்ட நிகழ்வுகள் அக்காலத்தில் பல மாநிலங்களிலும் செய்தியாகிக்கொண்டிருந்தன. திருநங்கையரும் அத்தகைய வதந்திகளுக்கு இலக்கானார்கள். திரைக்கதையாசிரியருக்கு ஒரு பாத்திரத்தின் குற்றவுணர்வாகத் தோன்றிய செய்தி, சந்தையில் கைதட்டிக் காசு கேட்கும் ஒருவருக்கு உயிர் ஆபத்தாக மாறக்கூடும் என்பதே அவர்களுடைய அச்சம்.

ஷங்கரின் ‘ஐ’ (2015) வெளிவந்தபோதும் சென்னையில் திருநங்கையர் போராட்டம் நடத்த நேர்ந்தது. அப்படத்தில் ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கைப் பாத்திரம் நாயகனின் அருவருப்புக்கும் நகைச்சுவை நடிகரின் கேலிக்கும் உரிய பொருளாக எழுதப்பட்டிருந்தது. திரைப்பாடலின் ஒரு வரியும் நகைச்சுவைக் காட்சியின் ஒரு வசையும் பேருந்து நிலையத்தில் திருநங்கையரை நோக்கி வீசப்படும் கருவிகளாக மாற ஒரு வாரம் போதும். தணிக்கைச் சான்றிதழ் தரும் வாரியம் ஆபாசத்தையும் வன்முறையையும் அளக்கும் கவனத்தோடு இதை அளந்ததற்கான அறிகுறி அப்போது இல்லை.

‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தின் மிகக் கொடிய காட்சி காவல் நிலையத்தில் நிகழ்கிறது. மகனோடு வந்த ஷில்பாவை உதவி ஆய்வாளர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு உட்படுத்துகிறார். அந்தக் காட்சியை மிகையென்று கருதிய பார்வையாளர் உண்டு. அதே 2019 டிசம்பரில் சட்டமாகிய மாற்றுப் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், அவர்கள்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்கு விதித்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான சிறை. ஒரு பெண்ணை வன்புணர்ந்த குற்றத்துக்குக் குறைந்த அளவுத் தண்டனையே பத்தாண்டு. ஷில்பா என்ற பாத்திரம் வேடமா பெண்ணா என்ற விவாதம் விமர்சகர்களின் மேசையோடு முடிவதில்லை. திருநங்கையைப் பெண்ணுக்குச் சமமாகக் கருதும் மனம் சட்டம் இயற்றுவோரிடமும் உருவாகவில்லை என்பதற்கு அந்த இரண்டு எண்களின் இடைவெளியே சான்று.

வீட்டு வாடகையிலும் இதே தடை எழுகிறது. லீனா மணிமேகலை 2017இல் எடுத்த ஆவணப்படம் ஒன்று, நாடகக் கலைஞர்களான வித்யாவும் ஏஞ்சல் கிளாடியும் சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைவதைப் பின்தொடர்ந்தது. மேடையில் கைத்தட்டல் வாங்கிய கலைஞருக்கு வீட்டுத் தரகரிடம் சொல்லத் தகுந்த தொழிற்பெயர் கிடைப்பதில்லை என்ற உண்மையை, விளக்கவுரை எதுவுமின்றி அப்படம் காட்டிவிடுகிறது. ஒரு திரைப்பட வாய்ப்பு என்பது புகழுக்கு முன்னால் முன்பணமும் சம்பளச் சான்றும் அறிமுகமும் ஆகும். அதைக் கதாநாயகர் எடுத்துக்கொள்ளும்போது திருநங்கைக் கலைஞர் இழப்பது இவற்றையெல்லாம் சேர்த்தே.

தாமே அமைத்த மேடைகள்

திரையுலகம் தயங்கிய இடத்தில் நாடகம் முன்னே சென்றது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாடக இயக்குநர் அ. மங்கையின் துணையோடு திருநங்கையர் ‘கண்ணாடிக் கலைக் குழு’வை அமைத்துத் தங்கள் வாழ்வைத் தாங்களே நடித்துக் காட்டினார்கள். ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலில் திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதி, தம் தன்வரலாற்றைத் தமிழில் எழுதினார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் வ. கீதா. ஆங்கில நூல் 2010இல் வெளிவந்து, தமிழ்ப் பதிப்பு ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் அடுத்து வந்தது என்பது தமிழ்ப் பதிப்புலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. அதே தலைப்பில் மங்கையின் இயக்கத்தில் ரேவதி தனிநபர் நாடகமாகவும் தம் வாழ்வை நிகழ்த்திவருகிறார். 2019இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில் பெண் எழுத்தாளர்களின் பெயர்கள் கொண்ட பதாகை தொங்கவிடப்பட்டபோது, டோனி மாரிசன் முதலானோரின் பெயர்களோடு நாமக்கல் வட்டாரத்தில் பிறந்த ரேவதியின் பெயரும் அதில் இருந்தது.

வித்யா, ஏஞ்சல் கிளாடி, திருநம்பியான ஜீ இமான் செம்மலர் ஆகிய மூவரும் 2014இல் தொடங்கிய ‘பன்மை’ நாடகக் குழு, பார்வையாளரின் பரிவைக் கோராமல் அவர்களோடு வழக்காடும் நாடகங்களைப் படைத்தது. குழுவின் ‘கலர் ஆஃப் டிரான்ஸ்’ நாடகத்தில் கண்ணீரைவிடச் சிரிப்பு மிகுதி. மேலும், திருநங்கையர், திருநம்பியர் வாழ்வில் சாதி எவ்வாறு செயல்படுகிறது என்பதையும் அக்குழுவினர் ஒளிக்காமல் பேசினர். பரிவுக்குரிய பலியாக மட்டுமே திருநங்கையைக் காட்டத் தெரிந்த திரைக்கதைகள் இத்தகைய மேடைகளிலிருந்து கற்க வேண்டியவை ஏராளம்.

[பெட்டிச் செய்தி: நர்த்தகி நடராஜ்]
மதுரையில் பிறந்தவர்; தஞ்சை நால்வர் மரபில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர்.
2007: தமிழ்நாடு அரசின் கலைமாமணி. 2011: சங்கீத நாடக அகாதெமி விருது. 2019: பத்மஸ்ரீ, இவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை.
2021: தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர்.

நர்த்தகி நடராஜின் வாழ்வு இன்னொரு வழியைக் காட்டுகிறது. தம் பாலினத்தைக் கதைப்பொருளாக்காமல், நாயகி பாவத்தில் மரபு வழிப் பதங்களை ஆடும் பெண் கலைஞராகவே அவர் அரங்கில் நிற்கிறார். ஷில்பாவின் கதைக்காக ஆண் நடிகர் பெற்ற தேசிய விருது எழுப்பும் வினாவுக்கு, கலையால் மட்டுமே ஈட்டிய இவருடைய பத்மஸ்ரீ ஒரு வலுவான மறுமொழி.

விழாக்களும் கேமராக்களும்

சென்னையில் 2009 முதல் நடைபெறும் வானவில் பேரணியை அடுத்து, 2013இல் ‘ரீல் டிசையர்ஸ்’ என்ற பால்புதுமையினர் திரைப்பட விழா தோன்றியது. நகரின் பண்பாட்டு நிறுவனங்களின் அரங்குகளில் பல நாட்டுக் குறும்படங்களும் ஆவணப்படங்களும் காட்டப்பட்டன. 2018இல் ‘குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ்’ என்ற பதிப்பு முயற்சி இலக்கிய விழாவொன்றைத் தமிழை மையமாகக் கொண்டு நடத்தியது. கூட்டம் சிறிதாயினும் இவ்விழாக்களின் பயன் பெரிது: படம் எடுப்பவரும் எழுதுபவரும் பார்ப்பவரும் ஒரே அறையில் அமர்வதால், எவருக்கும் எதையும் விளக்கிச் சொல்லித் தொடங்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரை நிலவில் நடக்கும் கூத்தாண்டவர் விழாவில் நிலைமை நேர்மாறானது. களப்பலியாகும் அரவானுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து வெள்ளை உடுத்தி அழும் திருநங்கையரைச் சுற்றி, அவர்களைக் காட்டிலும் கேமராக்கள் அடர்ந்துவிடுகின்றன. வழிபாடும் துயரமும் பிறருடைய புகைப்படக் கண்காட்சிக்கு மூலப்பொருளாகும்போது, படத்தில் இருப்பவரின் இசைவு எங்கும் பதிவாவதில்லை.

இன்னும் எழுதப்படாத பாத்திரங்கள்

திருநங்கையரையே நடிக்கவைத்த சில முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. விஜயபத்மா இயக்கிய ‘நர்த்தகி’ (2011) படத்தில் கல்கி சுப்ரமணியம் நாயகியாக நடித்தார். சீனு ராமசாமியின் ‘தர்மதுரை’யில் (2016) ஜீவா சுப்ரமணியம் மருத்துவமனைப் பணியாளராக வந்தார், கதை அவரை ஒரு சக ஊழியராகவே நடத்தியது. அருண் பிரபுவின் ‘அருவி’யில் எமிலியாக வந்த அஞ்சலி வரதன், நாயகியின் தோழியாக உடன் நடந்தார். தஞ்சாவூரைச் சேர்ந்த நேகா, மலையாளப் படமான ‘அந்தரம்’ மூலம் கேரள அரசின் திரைப்பட விருதை 2022இல் பெற்றார். தமிழ்நாட்டில் பிறந்த திருநங்கை நடிகரின் முதல் பெரிய திரை அங்கீகாரம் அண்டை மாநிலத்தின் வழியே வர நேர்ந்தது.

திருநங்கையரைத் தாண்டினால் வெற்றிடம் மேலும் விரிகிறது. ‘வேட்டையாடு விளையாடு’ (2006) ஒருபால் ஈர்ப்பைக் கொலைவெறியோடு இணைத்துக் காட்டிய காலத்திலிருந்து, பா. இரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) ஒரு நாடகக் குழுவின் உறுப்பினர்களாகப் பெண்-பெண் இணையரை இயல்பாக நிறுத்திய காலம் வரை வந்திருக்கும் தொலைவு சிறிதன்று. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’ (2025) ஒரு படி மேலே சென்று, முற்போக்கு பேசும் தாய் தன் மகளின் காதலி வீட்டுக்கு வரும்போது எங்கே தடுமாறுகிறாள் என்பதை முழுப்படமாக விரித்தது. திருநம்பியரோ வெகுமக்கள் சினிமாவில் துணைப் பாத்திரமாகக்கூடத் தென்படுவது அரிது. ஆண் பெண்ணாக வேடமிடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவர்களைக் காட்ட ஆயத்த வார்ப்பு ஏதும் இல்லை. செம்மலரைப் போன்றோர் மேடைகளில் நிகழ்த்தியும் கட்டுரைகளில் எழுதியும் முன்வைத்த அனுபவங்கள் திரைக்கதையாசிரியர் எவரையும் எட்டியதாகத் தெரியவில்லை.

வித்யா இப்போது தமிழ்நாட்டில் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் குடியேறி, அங்குள்ள மேடைகளில் நாடகம் நிகழ்த்துகிறார்.